நரையும் நால்வகை நிலையும்

பிரமசரியம், இல்வாழ்க்கை, வானப்பிரத்தம், சந்நியாசம் என வடநூலார் வகுத்த நால்வகை வாழ்நிலை தமிழ் நூல்களில் எத்துணை இடம் பெற்றுள்ளது என்னும் வினா புதியதன்று. திருக்குறளின் ஐந்தாம் அதிகாரத்தைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் எவரும் அதன் முதற் குறளிலேயே இவ்வினாவை எதிர்கொள்கின்றார். விடை கூறுவோர் இரு திறத்தினர். நால்வகை நிலை தமிழர்க்கும் தொன்றுதொட்டே உரியது என்பர் ஒரு சாரார். அது முற்றும் அயல் வழக்கு, தமிழ் அதனை அறியாது என்பர் மற்றொரு சாரார். இருவரும் நூல்களை நின்று நோக்காமல் முடிவை முன்னர்க் கொண்டவர் என்றே நாம் கருதுகின்றோம். தமிழ் நூல்கள் நால்வகை நிலையை அறிந்தன. அறிந்தே அதனை வேறோர் அமைப்பில் நிறுத்தின. அவ்வமைப்பு யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் ஒன்றைத் தெளிதல் வேண்டும். வடநூல் மரபு என்பதும் ஒருதன்மைத்தன்று. ஆபத்தம்பர், கௌதமர் முதலியோரின் பழைய தரும சூத்திரங்களில் இந்நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் படிகள் அல்ல. கல்வி முடித்த இளைஞன் தனக்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்து வாழ்நாள் முழுதும் அதன்கண் நிற்றற்குரிய மாற்று நெறிகளாகவே அவை பேசப்படுகின்றன. அவற்றுள்ளும் கௌதமரும் போதாயனரும் உண்மையில் உள்ளது இல்வாழ்க்கை ஒன்றே என்னும் கருத்தையும் எடுத்துரைக்கின்றனர். அகவை முறையால் ஒருவனே நான்கையும் கடத்தல் என்னும் கோட்பாடு மனு முதலிய பின்னூல்களில்தான் உறுதி பெறுகின்றது. 1993இல் வெளிவந்த தம் ஆச்சிரம ஆய்வு நூலில் பாட்ரிக் ஒலிவெல் இவ்வளர்ச்சியை விரிவாக நிறுவியுள்ளார். பற்று நீங்கிய அன்றே, எந்நிலையினின்றும் துறக்கலாம் என்னும் சாபால உபநிடதம் இம்முறை வைப்பையே தளர்த்துகின்றது. எனவே, தமிழோடு ஒப்பிடப் புகுவோர் எந்நூலின் மரபொடு ஒப்பிடுகின்றோம் என்று வரையறுத்துக் கொள்ளுதல் கடன்.

இனிக் குறளுக்கு வருவோம். இல்வாழ்வான் இயல்புடைய மூவர்க்கும் துணையாவான் என்பது 41ஆம் குறளின் கருத்து. அம்மூவர் யார் என்று வள்ளுவர் விளக்கிற்றிலர். பரிமேலழகர், ஆசிரியனிடத்து ஓதி விரதங் காப்பானும், மனையாள் வழிபடத் தீயொடு காட்டிற் சென்று தவஞ் செய்வானும், முற்றத் துறந்தானும் என அவரைக் கொண்டார். இவ்வுரை பள்ளிதோறும் பயிலப்படுவது. ஆயின் அதன் இறுதியில் அவரே கூறிச் செல்லும் சிறு குறிப்பினைப் பயில்வோர் பெரும்பாலும் கருதுவதில்லை. முதலிற் கூறிய இருவரையும் பிறர் மதத்தை மேற்கொண்டே ஆசிரியர் கூறினார் என்பது அக்குறிப்பு. அஃதாவது, மாணியும் காடேகிய முதியோனும் வள்ளுவர்தம் கோட்பாட்டில் தமக்கென இடமுடையர் அல்லர் என்பதை நால்வகை நிலையைப் புகுத்திய உரையாசிரியரே உடன்படுகின்றார். உரைப்பாயிரத்திலும் இக்கருத்தே அமைந்துள்ளது. நால்வகை நிலையாய் வருணந்தோறும் வேறுபடும் சிறப்பியல்புகளை ஒழித்து, எல்லார்க்கும் ஒத்த பொதுவியல்பு பற்றி இல்லறம், துறவறம் என இரு நிலையாகவே நூல் செய்யப்பட்டது என்கின்றார். பரிமேலழகரைப் பழிப்போரும் புகழ்வோரும் இவ்விரண்டிடத்தையும் ஒருங்கு வைத்து நோக்கினால் பூசல் பெரிதுங் குறையும்.

அடுத்த குறளில் ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. 42ஆம் குறள் துறந்தார், துவ்வாதவர், இறந்தார் என மூவரைச் சுட்டுகின்றது. முன்னைக் குறளின் மூவருள் முற்றத் துறந்தான் அடங்கிவிட்டமையின், ஈண்டும் துறந்தார் என்பதற்குத் துறவி என்றே பொருள் கொள்ளின் கூறியது கூறலாம். அதனைத் தவிர்த்தற்பொருட்டே பரிமேலழகர், களைகணாவாரால் துறக்கப்பட்டவர் எனச் செயப்பாட்டுப் பொருள் கண்டார். நுண்ணிதே எனினும், இது தாம் முன்னர்க் கட்டிய முடிச்சைத் தாமே அவிழ்க்கும் முயற்சி என்பதில் ஐயமில்லை. பெற்றோர், வாழ்க்கைத் துணை, மக்கள் எனக் கலைஞர் மு. கருணாநிதி உரை போன்ற பிற்கால உரைகள் கொள்ளும் பொருளில் இவ்விடர்ப்பாடு எழுவதில்லை. 43ஆம் குறளின் ஒக்கல் என்னும் சொல்லோடு அது முரணாதோ எனின், முரணாது. முதற் குறள் மனையகத்தாரையும், இரண்டாவது மனைக்குப் புறத்தே பற்றுக்கோடின்றி நிற்பாரையும், மூன்றாவது தென்புலத்தார் முதலாகத் தான் ஈறாக உள்ள ஐவரையும் கூறுகின்றது; ஆண்டு ஒக்கல் ஏனைச் சுற்றத்தாரைக் குறிக்கும். இவ்வைப்புமுறை பற்றி நாமும் இப்பொருளையே தழுவுகின்றோம்.

இது சொற்பொருள் வழக்கு மட்டுமன்று. மூவர் என்பதற்கு ஒரு பொருள் கொண்டால் முதிய தந்தை மகன் காக்கும் மனையகத்துள் இருக்கின்றார். மற்றொரு பொருள் கொண்டால் அவர் காட்டிலிருந்து கையேந்தும் தவசியாகின்றார். மூத்தோர்க்கு உரிய இடம் வீடா, காடா என்னும் வினா இதன்கண் அடங்கியுள்ளது.

இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு நரை என்னும் ஒரு சொல் நல்ல வழிகாட்டி. மனு நூலின் ஆறாம் அத்தியாயம், தன் தோல் திரைந்ததையும் தலை நரைத்ததையும் மகனுக்கு மகன் பிறந்ததையும் காணும் இல்வாழ்வான் காடேகுக என விதிக்கின்றது. நரை அங்கே ஆணையின் முத்திரை. பாண்டிநாட்டுப் பிசிராந்தையார்பால் நரையைப் பற்றிக் கேட்கப்பட்ட வினாவோ முற்றும் வேறானது. யாண்டு பலவாகியும் நரை இன்மைக்குக் காரணம் யாது என்று வினவினார்க்கு அவர் கூறும் விடை புறநானூற்றின் 191ஆம் பாட்டு. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் குறிப்பறிந்து ஒழுகும் ஏவலர், அல்லவை செய்யாது காக்கும் வேந்தன், இவற்றின் மேலாகத் தாம் வாழும் ஊரில் அடக்கமுடைய சான்றோர் பலர் எனக் காரணங்களை அவர் அடுக்குகின்றார். இவற்றுள் ஒன்றேனும் வீட்டுக்கும் ஊருக்கும் புறம்பானதன்று. நரையைத் தள்ளிப் போடுவது நல்ல மனையும் நல்ல ஊருமே என்பது அவர் துணிபு. 195ஆம் பாட்டில் நரிவெரூஉத்தலையார் நரைத்த முதியோர் கூட்டத்தை நோக்கியே பேசுகின்றார். பயனின்றி மூத்தமை பற்றி அவரைக் கடிகின்றாரேயன்றிக் காட்டுக்குச் செல்லுமாறு கூறினாரல்லர். நல்லது செய்ய மாட்டாவிடினும் தீயதையேனும் தவிர்க என்றே அறிவுறுத்துகின்றார்.

இதற்கு நேர்மாறானது நாலடியார். சமணச் சார்புடைய அந்நூலின் இளமை நிலையாமை அதிகாரம், நரை வருதல் உறுதி என்பதை எண்ணி இளமையிலேயே துறத்தலை நல்லறிவின் செயலாகப் பாராட்டுகின்றது. நரை வரும்வரை காத்திருத்தல் அந்நூலார்க்குப் பேதைமை. ஆகவே மனுவுக்கு நரை கண்டபின் துறவு. நாலடியார்க்கு நரைக்கு முன் துறவு. பிசிராந்தையார்க்கோ இல்லற நிறைவே நரையை விலக்கும் மருந்து. முதுநிலை மாணவர் இம்மூன்றையும் ஒருங்கு வைத்துப் பயிலின், இந்திய மரபு என ஒரு சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடும் வழக்கம் தானே நீங்கும்.

கம்பர் இவற்றை அறிந்தவர். தயரதன் தன் செவியருகே ஒரு நரையைக் கண்டு, ஆட்சியை மகனுக்கு அளித்துத் தவம் மேற்கொள்ள எண்ணுவதாக அவர் பாடுகின்றார். வான்மீகத்தில் இந்நரை இல்லை. காளிதாசனின் இரகுவமிசத்தில் உண்டு. நரைக்கு மனு கண்ட பொருளையே தயரதன் கொள்கின்றான் எனலாம். ஆயின் கதையின் போக்கு அம்முறையைத் தலைகீழாக்கிவிடுகின்றது. நரைத்தவன் அரண்மனையிலேயே உயிர்விட, மணஞ் செய்த இளையவன் மரவுரி உடுத்து மனைவியொடு காடேகுகின்றான்.

பிசிராந்தையாரும் இறுதியில் ஊரை விட்டவரே. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபொழுது, நேரிற் கண்டறியாத அந்நண்பனுடன் உயிர்விடச் சோழநாடு சென்றார். எனினும் அவரைச் செலுத்தியது நட்பு. அகவையோ விதியோ அன்று. அவ்வடக்கிருத்தலில் வரும் பொத்தியார் நிகழ்ச்சி நம் பொருளுக்கு இன்னும் அணித்து. உடன் வடக்கிருக்க விரும்பிய பொத்தியாரை, அவர் மனைவி கருவுற்றிருந்தமையின், மகன் பிறந்தபின் வருக எனச் சோழன் திருப்பி அனுப்பினான். மகன் பிறந்தபின் மீண்டு வந்து, நடுகல்லாகிவிட்ட நண்பனிடம் தமக்குரிய இடம் யாதென்று அவர் கேட்பதாக 222ஆம் பாட்டு அமைந்துள்ளது. மனைக்கடன் முடியாதவன் விட்டு நீங்குதல் கூடாது என்னும் இவ்வுணர்வு வடபுலத்தும் உண்டு. மனைவி மக்களுக்கு வழிசெய்யாது துறவு பூண்பவனுக்குத் தண்டம் விதிக்கின்றது கௌடிலியரின் அருத்தசாத்திரம். அங்கே அது அரசாணை. இங்கே நண்பன் வாய்ச்சொல்.

தொல்காப்பியம் இப்பொருளில் இரண்டிடத்துச் சிந்தனைக்கு உரியது. கற்பியலில், வேண்டிய கல்வியின்பொருட்டுப் பிரியும் பிரிவு மூன்று யாண்டினைக் கடவாது என வரையறை உள்ளது. ஓதற்பிரிவு மணந்து வாழும் தலைவனுக்குக் கூறப்படுவதைக் கருதுக. மாணவ நிலை முடிந்த பின்னரே மனைவாழ்க்கை என்னும் முறை இங்குக் காணப்படவில்லை. கல்வி இல்லறத்தின் நடுவே நிகழ்கின்றது. அறுநான்கு இரட்டி எனத் தொகை கூறி நாற்பத்தெட்டு யாண்டு பிரமசரியம் காத்த அந்தணரைத் திருமுருகாற்றுப்படை ஏரகப் பகுதியிற் காட்டுகின்றது. இறையனார் களவியல் உரையும் பிரம மணத்தை விளக்குமிடத்து அந்நாற்பத்தெட்டைக் குறிப்பிடுகின்றது. இவை வேதம் ஓதுவாரின் தனி வழக்கு. பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கல்வியைப் பாடிய 183ஆம் புறப்பாட்டிலோ ஆசிரியர்க்கு உதவிக் கற்றல் வற்புறுத்தப்படுகின்றது. அகவை வரையறையோ மணமாகாமையோ பேசப்படவில்லை.

மற்றோரிடம் கற்பியலின் பிற்பகுதி. இன்பந் துய்த்து முதிர்ந்த கடைநாளில், காவலாய் அமைந்த மக்களொடும் அறம் விரும்பிய சுற்றத்தொடும் கூடிக் கிழவனும் கிழத்தியும் சிறந்ததனைப் பயிலுதல் கடந்த வாழ்வின் பயன் என்பது அந்நூற்பாவின் கருத்து. இதனைத் துறவோடும் வீட்டோடும் இயைத்துப் பொருள் கூறுவாரும் உளர். அவ்வாறு கூறுதற்கு நூற்பாவில் இடம் இல்லை என நாம் வாதிடவில்லை. சிறந்தது என்னும் சொல் வீட்டு நெறியையும் தாங்கும். ஆயின் காடு என்னும் குறிப்பு அதன்கண் இல்லை. மக்களும் சுற்றமும் உடனிருக்கின்றனர். எல்லாவற்றினும் குறிப்பிடத்தக்கது, கிழத்தி கிழவனோடு ஒப்ப வைக்கப்பட்டமை. மனு நூல், காடேகும் கணவன் மனைவியை மக்கள்பால் ஒப்புவித்தோ உடன்கொண்டோ செல்க என்று கூறுங்கால் அவள் கொண்டு செல்லப்படும் பொருளாகின்றாள். தொல்காப்பியத்தில் அவளும் பயில்பவள்.

எனினும் பெண்டிர்க்குத் தமிழ் மரபு வைத்த இடம் முழுதும் இத்தன்மையது என்று கூறித் தப்புதல் இயலாது. புறத்திணையியல் தாபதம் என்னும் சொல்லை ஈரிடத்து ஆள்கின்றது. ஒன்று வாகைத் திணையில், நாலிரு வழக்கினையுடைய தாபதப் பக்கம். நீராடல், நிலத்திற் கிடத்தல், தோலுடுத்தல், சடைபுனைதல், எரியோம்பல், ஊரடையாமை, காட்டுணவு கொள்ளல், தெய்வமும் விருந்தும் போற்றல் என உரையாசிரியர் அவ்வெட்டினையும் எண்ணுவர். இது வானப்பிரத்தமே, தமிழ் இந்நிலையை அறியாது என்பார்க்கு இது தடை. மாற்பித்தியார் பாடிய 251, 252ஆம் புறப்பாட்டுகள் இத்துறைக்கு உரியன. மகளிர் மனத்தைச் சொல் வலையாற் கவர்ந்த காளை ஒருவன் இப்போது அருவி ஆடி நிறம் மாறிய சடையொடு தாளி இலை கொய்து நிற்கின்றான். கண்டார் வியக்கின்றனர். மற்றொன்று காஞ்சித் திணையில், காதலனை இழந்தவள் நிற்கும் தாபத நிலை. புறநானூற்றில் 248 முதலிய பாட்டுகள் இத்துறையன. அவற்றின் திணை பொதுவியல் எனக் குறிக்கப்பட்டுள்ளது. ஆம்பல் அரிசியே உணவாகிய கைம்பெண்ணை ஆண்டுக் காண்கின்றோம். பாண்டியன் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, நெய்யற்ற சோற்றையும் வேளைக் கீரையையும் பாயில்லாப் பரற்படுக்கையையும் விரித்துக் கூறி, அதனினும் ஈமத் தீ தமக்குக் கொடிதன்று எனச் சான்றோரை மறுத்துரைத்தது 246ஆம் பாட்டு.

ஆடவன் உண்பதும் இலை, பெண் உண்பதும் இலை. அவன் கிடப்பதும் வெறுநிலம், அவள் கிடப்பதும் வெறுநிலம். நோன்பு ஒன்றாயினும் அவனுக்கு அது வாகை, அவளுக்குக் காஞ்சி. ஒருவன் தானே மேற்கொண்டதற்கும் ஒருத்திமேற் சுமத்தப்பட்டதற்கும் உள்ள வேறுபாட்டை இலக்கணம் திணை வேற்றுமையாற் காட்டிவிட்டது. இலக்கணிகள் அதனைக் குறையாகக் கருதினரா என்பது வேறு. பெருங்கோப்பெண்டு கருதினார் என்பது அவர் பாட்டாற் பெறப்படும். பெண் பருவம் ஏழினை எண்ணும் பாட்டியல் மரபும் முப்பத்திரண்டு முதல் நாற்பது அகவைப் பேரிளம்பெண்ணோடு நின்றுவிடுகின்றது. அதன்பின் அவளுக்கு ஒரு பெயரில்லை.

இந்நிலையை மாற்றியவை சமண பௌத்த நெறிகளே. சிலப்பதிகாரத்தில் மதுரை நோக்கி நடக்கும் மூவருள் கவுந்தியடிகளே ஏனை இருவர்க்கும் வழித்துணையும் அறிவுரையும் ஆகின்றார். மதுரைப் புறஞ்சேரியில் அவர் சொல்லை மதித்தே மாதரி அடைக்கலம் ஏற்கின்றாள். அக்காப்பியத்துள் துறந்தோர் எவரும் அகவை முறையால் துறந்தவர் அல்லர். கோவலன் தந்தை பௌத்தப் பள்ளியையும், கண்ணகி தந்தை ஆசீவகரையும் சார்ந்தது மக்களை இழந்த துயரால். மாதவி துறந்தது கோவலன் முடிவைக் கேட்டு. மணிமேகலையோ இல்வாழ்க்கையை மிதியாமலே துறவிற் புகுந்தவள். சீவகசிந்தாமணி ஒன்றே ஆட்சியும் இன்பமும் முடித்துத் துறக்கும் முறையைக் காட்டுகின்றது. ஆண்டும் தூண்டியது நரையன்று. மந்தி ஒன்றின் கைப்பட்ட பலாக்கனி பறிக்கப்பட்ட காட்சி. சீவகன் தேவியரும் உடன் துறக்கின்றனர். கழுகுமலையில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டினவாகிய கல்வெட்டுகள் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியரைக் குறிப்பிடுகின்றன. இவற்றைக் காப்பியப் புனைவு எனத் தள்ளுதல் இயலாது.

வழக்கிலும் சிறிது நோக்கலாம். அந்தணர் திருமணத்தில் மணமகன் குடையும் கோலும் கொண்டு காசிக்குப் புறப்படுவதும், பெண்ணின் தந்தை இடைமறித்து அழைத்து வருவதும் இன்றும் நிகழ்கின்றன. துறவு மாற்று நெறியாக இருந்த பழமையின் எச்சம் எனலாம். இப்போது அது சிரிப்புக்குரிய சடங்கு. அறுபது நிரம்பியவர், மனு காட்டுக்கு அனுப்பும் அகவையில், திருக்கடவூர் சென்றோ உள்ளூரிலோ மக்களும் பேரரும் சூழ மனைவிக்கு மீண்டும் தாலி கட்டுகின்றார். மதுரை வட்டாரத்தில் இவ்வழக்கு ஒரு வகுப்பார்க்கு மட்டும் உரியதாக இல்லை.

துறவோரும் இல்வாழ்வோரும் இருந்த அணிமையை மதுரைச் சூழலே நன்கு விளக்கும். மதுரைக்காஞ்சி நகரின் நடுவே பௌத்தப் பள்ளி, அந்தணர் பள்ளி, அமணப் பள்ளி மூன்றையும் வைத்துப் பாடுகின்றது. மகளிர் கணவரொடும் மக்களொடும் பூவேந்திப் பள்ளிக்குச் செல்கின்றனர். நகருக்கு வெளியே மாங்குளம், அழகர்மலை, திருப்பரங்குன்றம், ஆனைமலை, கீழவளவு எனக் குன்றுதோறும் கற்படுக்கைகள் உள்ளன. ஊரடையாமை என்பது ஏட்டளவில் நிற்க, இப்படுக்கைகள் வயலும் ஊரும் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே வெட்டப்பட்டுள்ளன. துறந்தார்க்கு உணவு முதலியன உதவுதற்பொருட்டன்றோ ஏனையோர் தவத்தை மறந்தனர் என வினவும் 263ஆம் குறளுக்கு இக்குன்றுகளினும் சிறந்த உரை இல்லை. மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டுகளை இராபர்ட் சூவெல் 1882இல் கண்டறிந்தார், கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் அவற்றின் மொழி தமிழ் என்று காட்டினார். ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பெருநூலில் அவை முழுமையாக ஆராயப்பட்டன. கணி நந்தன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியன் பணியாளன் ஒருவன் பள்ளி அமைத்ததையும், வெள்ளறை நிகமத்தார் கொடையையும் அவற்றிற் காண்கின்றோம். அழகர்மலையில் பொறிக்கப்பட்டவை பெரும்பாலும் கொடுத்தோர் பெயர்களே. அவருள் உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பாணித வணிகன் ஆகியோர் உளர்.